கராஜைக் கழுவி வைத்த மனுசன்

இந்திரகுமார் நல்ல மனுசன்தான். ஆனால் அன்றைக்கு அவர் பார்த்த வேலைக்கு மனுசி சிவனேஸ்வரி அவரைக் கடித்துத் தின்னாமல் விட்டதே பெரிய காரியம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சித்திரச் சங்கத்திலிருந்து மூன்று பேர் சிட்னியில் செவன் ஹில்ஸிலுள்ள அவர்களுடைய வீட்டுக்கு வருவதாக இருந்தது. ஓவியர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று அவரவர் இடத்துக்கே போய்ப் பார்த்து, பிடித்தவருக்குச் சிட்னிக் கண்காட்சியில் ஒரு முழுச் சுவர் கொடுப்பார்களாம். அந்தச் சுவர் அவளுக்கு வேண்டும். பகல் முழுக்க ரேடியோ பாக்டரியில் ஈயத்தை உருக்கி வைத்துக் கம்பி ஒட்டிவிட்டு வந்து, மூன்று வருசமாக வீட்டுக் கராஜில் நின்று படம் கீறுகிறவள் அவள். அதுதான் அவளுடைய ஸ்டூடியோ.

வீட்டுக்கு ஆட்கள் வருகினம் என்றால் எங்கட சனம் என்ன செய்யும்? கூட்டிக் கழுவும். அவள் நல்ல காஞ்சிபுரம் உடுத்துக்கொண்டு குசினிக்குள் பற்றீஸ் பொரித்த நேரம் பார்த்து, மனுசன் கராஜைக் கழுவிப்போட்டார். பலகையில் குழைத்து வைத்த நிறமெல்லாம் சுரண்டியாச்சு. தூரிகைகள் அலுமாரிக்குள். அரைகுறைப் படங்கள் சுவரைப் பார்த்தபடி. நடுவில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை, சுற்றிவரக் கதிரைகள்.

"ஐயோ, என்ன விசர் வேலை பார்த்து வைச்சிருக்கிறியள்?"

"பின்னை, வாற ஆக்களுக்குக் குப்பையையே காட்டுறது? நீர் பேசாமல் தேத்தண்ணியைக் கொண்டு வாரும்."

சொல்லி முடிக்கவில்லை, கார் வந்து நின்றது. சங்கத் தலைவரும் இரண்டு பெண்களும் உள்ளே வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள்?" என்று தலைவர் கேட்டார்.

"இங்கேதான்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி இரக்கத்தோடு சொன்னாள்: "பரவாயில்லை. உங்கள் நாட்டில் வாசலில் மாவால் போடுவார்களே, அதைப் போட்டுக் காட்டுங்கள். கைவினைப் பகுதியில் ஒரு மேசை தரலாம்."

மேசையாம் மேசை! சிவனேஸ்வரிக்குப் பத்திக்கொண்டு வந்தது. சேலைக் கொய்யகத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள். பற்றீஸ் தட்டை இந்திரகுமாரின் கையில் திணித்தாள். இருந்ததிலேயே பெரிய படத்தைத் திருப்பி வைத்தாள். பாக்டரியில் வரிசையாகக் குனிந்திருக்கும் எட்டுப் பெண்கள்.

"நான் நின்றுதான் வேலை செய்வேன். நீங்களும் நில்லுங்கள்."

அலுமாரியைத் திறந்து தூரிகைகளை எடுத்து, புதிதாய் நிறம் குழைத்துக் கீறத் தொடங்கினாள். தூரிகையைத் துடைப்பதற்கென்று போடும் பழைய காற்சட்டை அன்றைக்கு இல்லை. சேலையிலேயே துடைத்தாள்.

"சேலை, சேலை!" என்று இந்திரகுமார் பதறினார். ஆர் கேட்டது? ஒரு மணித்தியாலம் அவள் திரும்பியே பார்க்கவில்லை.

கடைசியில் தலைவர் தொண்டையைக் கனைத்தார். "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாக்டரியை வரைய எங்களிடமே ஆட்கள் உண்டு. உங்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பது வேறு."

"அப்படியென்றால் எதிர்பார்த்துக்கொண்டே இருங்கள்" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

சுவர் போய்விட்டது. அவள் அழுதாள், நல்லாய் அழுதாள். இந்திரகுமார் எத்தனை தரம் மன்னிப்புக் கேட்டும் அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, கராஜின் தெருப்பக்கக் கதவை முழுக்க உயர்த்திவிட்டு, படத்தில் இருந்த பாக்டரிப் பெண்களையே கூப்பிட்டாள். வந்து பாருங்கோடி, உங்களை எப்படிக் கீறுறன் என்று. எட்டுப் பேரும் வந்தார்கள். எலெனி என்ற கிரேக்கப் பெண் படத்துக்குக் கிட்டப் போனாள்.

"இது நான்தானே? என்ர பெருவிரலில் பிளாஸ்டர் எங்கே? அந்த ஈயம் சுடாத நாள் உண்டோ?"

"நில்லு, விரலைக் காட்டு" என்று சிவனேஸ்வரி கீறத் தொடங்கினாள். மற்றவர்களும் தங்கள் தங்கள் கைகளை நீட்டினார்கள்.

வேலை முடிந்ததும் எலெனி சொன்னாள்: "பாக்டரியில் எங்கட சாப்பாட்டு அறையில் பெரிய சுவர் சும்மா கிடக்குது. நாளைக்கே கொண்டு வா."

"மனேஜர் கழட்டச் சொல்லுவான்."

"சொல்லட்டும். நாங்கள் எட்டுப் பேரும் எழும்பிப் போறம். ரேடியோவை அவனே ஒட்டட்டும்."