மாமியாரின் செருப்பு

தண்ணீர் வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. என் கணக்கில்தான். சாலவாக்கம் ஏரி மதகடியில் அது மரியாதையாகக் கால்வாயோடுதான் ஓடியது. கம்ப்யூட்டர் மட்டும், எத்தனை முறை கேட்டாலும், மொத்தத் தண்ணீரும் மேலே கிளம்புகிறது என்று சாதித்தது.

ஓடுகிற தண்ணீரில் பொரியைத் தூவி, இரண்டு பக்கமும் கேமராவை நிறுத்திப் படம் பிடிக்கிறேன். இரண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, ஒவ்வொரு பொரியும் முன்னால் எவ்வளவு போகிறது, மேலே கீழே எவ்வளவு ஆடுகிறது என்று கணக்கிடலாம். நம் இரண்டு கண்ணும் செய்கிற வேலைதான். பெரிய இடங்களில் இதற்கென்றே கேமராக்கள் உண்டு. எனக்கு வாய்த்தவை என் புருஷன் ஆல்பர்ட்டின் கல்யாணக் கேமராக்கள். உத்திரமேரூர் பஜாரில் 'சோபியா வீடியோஸ்' என்று என் பேரிலேயே கடை வைத்திருக்கிற மனுஷனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? கல்லூரியில் சிரித்தார்கள். சிரிங்க, செய்து காட்டுகிறேன் என்று வீறாப்பு பேசிவிட்டு வந்தேன். வாய்க்கொழுப்பு.

இப்போது பேராசிரியர், "இந்த அத்தியாயத்தையே எடுத்துடலாம்மா" என்கிறார். அதை எடுத்தால் என் ஆராய்ச்சியில் மிச்சம் அட்டைதான். மறுபடி படம் பிடிக்கலாம் என்றால், கதிர் முற்றிவிட்டது, நாளைக்கு மதகை அடைக்கிறார்கள். அப்புறம் அடுத்த மழைக்குத்தான் தண்ணீர். தப்பு எங்கே என்று தெரியாமல் போய் நின்றாலும் அதே தப்பைத்தான் மறுபடி பிடித்துக்கொண்டு வருவேன். தண்ணீரில் நிறுத்திய அளவுப் பலகையைச் சந்தேகப்பட்டேன். நான் எழுதிய புரோகிராமைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் என் மூளையையே சந்தேகப்பட்டேன்.

அன்று சாயங்காலம் என் மாமியார் மார்த்தாள் அத்தை டிவி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். ஏரிக்கரையில் எடுத்த கேசட்டை அவளுக்குப் பார்த்தே ஆகவேண்டும். எங்களோடு கரைக்கு வந்து பொரி தூவியவள் அவள்தான். "திங்கிற பொருள தண்ணில கொட்டிக்கினு கீறோமே, கர்த்தர் கேக்கமாட்டாரா?" என்று திட்டிக்கொண்டே தூவினாள்.

"நான் வரனா இதுல?"

"வந்தா உங்க செருப்புதான் வரும் அத்தை."

கரை ஏறியதும் அவள் செருப்பைக் கழற்றி கால்வாய் ஓரத்துக் கல்மேல் வைத்துவிட்டாள். ஊர்க்காரர்கள் கரையில் எங்கள் சேரி ஜனம் செருப்போடு நடக்கக்கூடாது என்பது அவள் அப்பா காலத்துச் சட்டம். சட்டம் போட்டவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவள் கால் மட்டும் இன்னும் அதற்குக் கீழ்ப்படிகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் அத்தை கழட்டுறீங்க?" என்று கேட்டேன். "பயக்கம்டி" என்றாள்.

இடது கேமராவின் கேசட் ஓடியது. அத்தை முன்னால் சாய்ந்தாள்.

"ஏ சோபியா! என் செருப்பு இன்னாடி நடக்குது?"

பார்த்தேன். தண்ணீர் ஒரு பக்கம் போக, செருப்பு கல்லோடு சேர்ந்து எதிர்ப்பக்கம் மெதுவாக நகர்ந்தது. கொஞ்சதூரம் போய், பொசுக்கென்று பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி கிளம்பியது. கணக்குக்காக நடுத்தண்ணீரை மட்டும் வெட்டியெடுத்ததால் ஓரத்துக் கல்லை நான் பார்த்ததே இல்லை. வலது கேசட்டைப் போட்டேன். அதில் செருப்பு வைத்த இடத்தில் இருந்தது.

"ஏங்க! இடது கேமராவுல இன்னா பண்ணி வச்சீங்க?"

ஆல்பர்ட் அடுப்படியிலிருந்து டீயோடு வந்தான். "ஒண்ணும் பண்ணல சோபி. அது பந்தியில கையில புடிச்சி எடுக்கிற கேமரா. இடிச்சிக்கினே இருப்பாங்கல்ல, படம் ஆடாம இருக்கறதுக்கு எப்பவும் ஒரு பட்டன போட்டு வச்சிருப்பேன். இன்னொண்ணு ஸ்டாண்டுலயே நிக்கிறது, அதுக்குத் தேவையில்ல."

அவ்வளவுதான். ஓடும் தண்ணீரைப் பார்த்த பந்தி கேமரா, கைதான் ஆடுகிறது என்று நினைத்து, படத்தைத் தண்ணீரின் பின்னாலேயே இழுத்திருக்கிறது. ஒரு கண் சரியாகப் பார்க்க, ஒரு கண் சொக்கிப்போக, நடுவில் என் தண்ணீர் வானத்துக்குப் போய்விட்டது. அவனை மொத்தவேண்டும்போல இருந்தது. மொத்துவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. தட்டில் டீயெல்லாம் சிந்த, "ஏம்மா, இவளுக்கு இன்னா ஆச்சி?" என்று அவன் விழித்தான். சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு.

விடிந்ததும் மூன்று பேரும் கரைக்குப் போனோம். ஆல்பர்ட் பட்டனை அணைத்து என்னிடம் காட்டினான். மதகைப் பார்த்துக்கொள்ளும் ஊர்க்காரர் வேதகிரி கம்பியைப் பிடித்தபடி, "சீக்கிரம் முடிங்கம்மா, அடைக்கணும்" என்றார்.

"அத்தை, அந்தச் செருப்ப அதே கல்லுமேல வச்சிடுங்க. அது நகருதா இல்லையான்னு பாத்தாதான் எனக்கு நிச்சயம்."

அத்தை கல்மேல் ஏறினாள். கழற்றுவதற்காக ஒரு காலைத் தூக்கினாள். அந்தரத்தில் கொஞ்சநேரம் வைத்திருந்தாள். பிறகு செருப்போடேயே கீழே ஊன்றினாள்.

"கயட்டி வச்சா ஒண்ணு, காலுல இருந்தா ஒண்ணா? நானே நிக்கிறேன், புடி."

வேதகிரி அவள் காலைப் பார்த்தார். பிறகு மதகுப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பொரியை வாரித் தூவினேன். இரண்டு கேமராவிலும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஆடாம கீறேனாடி?"

"ஆடல அத்தை."

பொரி வெள்ளை வெள்ளையாக அவள் காலடியைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. கேசட் தீரும்வரை அவள் அந்த நீல வார்ச் செருப்போடு அப்படியே நின்றாள்.