சிரிப்பு வருகிற இடம்

லாண்டரிக்காரர் ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் பாட்டுக்காரம்மா போய்ச் சேர்ந்த செய்தி ரேடியோவில் வந்தது. வாசித்த பெண் பஸ் கட்டணம் ஏறியதைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மழைச் செய்திக்குப் போய்விட்டாள். இஸ்திரிப்பெட்டி காலர் மேலேயே நின்றது. கருகல் வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் தூக்கினார். பழுப்பாக ஒரு முக்கோணம் விழுந்திருந்தது. யாருடையது என்று திருப்பிப் பார்த்தார். வக்கீலுடையது. போச்சு, இன்றைக்கு யார் முகத்தில் விழித்தாரோ!

"என்னங்க, என்ன தீயுது?" உள்ளே பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"பாட்டுக்காரம்மா போயிட்டாங்க."

"அய்யய்யோ..." அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "உங்க அண்ணனுக்குத் தெரியுமோ என்னமோ."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் அண்ணன் என்ற வார்த்தைக்குத் தடை போட்டுப் பல வருஷம் ஆகிறது. யாராவது வாய்தவறிச் சொன்னால் லாண்டரிக்காரர் சாப்பிடுகிற தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். இன்றைக்குக் கோபப்படாமல் கருகிய காலரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாட்டுக்காரம்மா என்பது அண்ணனும் தம்பியும் சின்ன வயதில் வைத்த பெயர். உலகம் அவளுக்குப் பெரிய பெரிய பட்டமெல்லாம் கொடுத்திருந்தது. வீட்டில் அவள் பாட்டுக்காரம்மாதான். தேன், பால் என்றெல்லாம் மற்ற பாடகிகளைச் சொல்லிக்கொள்ளட்டும். இவள் குரலில் லேசாக ஒரு கரகரப்பு இருக்கும், தூங்கி எழுந்தவள் பேசுகிற முதல் வார்த்தை மாதிரி. அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். இப்போது பாடுகிறவர்கள் பாட்டு முடிகிறவரை மூச்சே விடுவதில்லை. எப்படித்தான் உயிரோடு இருக்கிறார்களோ!

அவள் பாடிய இசைத்தட்டுகள் அப்பா வீட்டில் ஒரு கூடை நிறைய இருந்தன. அதில் ஒரு சின்னத் தட்டுக்குத்தான் இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள். அதன் ஒரு பக்கம் எல்லோரும் முணுமுணுத்த சோகப்பாட்டு. மறுபக்கம் ஒரு சாதாரணக் கும்மாளப் பாட்டு, யாரும் சீண்டாதது. அந்தச் சீண்டாத பாட்டில்தான் விஷயம் இருந்தது. கடைசிச் சரணத்துக்கு முன்னால் அவள் மூச்சை இழுப்பாள், இழுக்கிறபோதே களுக்கென்று ஒரு சிரிப்பு தப்பி வெளியே வந்துவிடும். அவசரமாக அடக்கிக்கொண்டு பாட்டைத் தொடருவாள். மறுபடி பாடிப் பதிவு பண்ண யாருக்கும் நேரமில்லைபோல, அப்படியே தட்டாகிவிட்டது.

அந்த இடத்துக்காகப் பையன்கள் இரண்டு பேரும் ஆள்காட்டி விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். சிரிப்பு வரும்போது விரல் நிமிர வேண்டும். பிந்தியவனுக்குத் தலையில் குட்டு. எதற்காகச் சிரித்தாள் என்பது அடுத்த சண்டை. வயலின்காரர் வில்லைக் கீழே போட்டுவிட்டார் என்பான் அண்ணன். அவள் மூக்கில் ஈ உட்கார்ந்தது என்பான் தம்பி. வில்லா, ஈயா? மீசை முளைத்தும் இது ஓயவில்லை. கல்யாணமாகி வந்த பெண்களிடமும், "நீ எந்தக் கட்சி?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

அப்பா போன பிறகு வீட்டை விற்றுப் பாகம் பிரித்தார்கள். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் பேச்சில்லாமல் பிரிந்துவிட்டன. தட்டைச் சுற்றவிடுகிற பாட்டுப் பெட்டியிடம் வந்ததும் இரண்டு பேரும் நகரவில்லை. நடுவராக வந்த மாமாவுக்குப் பசி நேரம். "பொட்டி பெரியவனுக்கு, தட்டெல்லாம் சின்னவனுக்கு," என்று தீர்ப்புச் சொன்னார். "அவன் இல்லாம இவன் கேக்க முடியாது, இவன் இல்லாம அவன் கேக்க முடியாது. ஒண்ணா உக்காந்து கேளுங்கடா!" ஆகா, என்ன மூளை என்று கூடியிருந்தவர்கள் மெச்சிக்கொண்டார்கள். அந்த மூளையில் இடி விழ.

தம்பி வீட்டுக்கு வந்து தட்டுகளை அடுக்கிப் பார்த்தபோது ஒரு உறை மட்டும் வெறும் உறையாக இருந்தது. அதே சின்னத் தட்டின் உறை. பொறுத்திருந்து விசாரித்திருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கண்ணில் பட்ட மாமாவிடம், "வேணும்னே எடுத்து வச்சுக்கிட்டான் மாமா, திருட்டுப்பய," என்று சொல்லிவிட்டார். அது அண்ணன் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. "அப்படியா சொன்னான்?" என்று மட்டும் அண்ணன் கேட்டாராம். அதோடு சரி. கல்யாண வீடுகளில் ஒருவர் முன்வாசல் வழியாக வந்தால் மற்றவர் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடுவார்.

லாண்டரிக்காரர் இப்போது போனை எடுத்து அந்தக் கும்மாளப் பாட்டைத் தேடிப் போட்டார். முன்பும் ஒரு தடவை போட்டு ஏமாந்ததுதான். பழைய பாட்டைத் துடைத்துச் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறோம் என்று பாட்டை ஏற்றியவர்கள் பெருமை வேறு பேசியிருந்தார்கள். கடைசிச் சரணம் வந்தது. மூச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை, வழித்துத் துடைத்திருந்தார்கள்.

"கறையை எடுக்கறேன்னு சாயத்தையே எடுத்துட்டானுங்க," என்றார். தொழில் தெரிந்தவர் சொல்கிறார். "அந்தச் சிரிப்பு இனி அந்தத் தட்டுல மட்டும்தான் இருக்கு."

"தட்டு எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியுமே, போய்ப் பாத்துட்டு வாங்க," என்றாள் மனைவி. அவர் மறுபடி இஸ்திரிப்பெட்டியை எடுத்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னிக்குப் போனது பாட்டுக்காரம்மா. அடுத்த சேதிக்கும் இப்படியே காத்திருக்கப் போறீங்களா?"

லாண்டரிக்காரர் இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைத்தார். ஷட்டரை இறக்கினார். வீட்டுக்குப் போய்த் தட்டுகளில் பத்துப் பன்னிரண்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெற்று உறையை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தார்.

"ஒரு விஷயம், உங்க அண்ணனுக்கு இப்போ..." என்று ஆரம்பித்தாள் கூடவே வந்த மனைவி.

"வந்து கேட்டுக்கறேன்," என்று செருப்பை மாட்டினார்.

பஸ்ஸில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தார். அண்ணே, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. இல்லை, அது மொட்டையாக இருக்கிறது. அண்ணே, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னிச்சுடு. உதடு அசைந்ததைப் பக்கத்து சீட்டுக்காரர் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அண்ணன் வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்த அண்ணி, கடைக்குப் போய்விட்டுத் திரும்பியவரைக் கூப்பிடுவதுபோல, "வாங்க தம்பி," என்றாள். அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டுப் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார், கைப்பகுதியில் இரட்டை மடிப்பு விழுந்திருந்தது. எந்த மடையன் தேய்த்தது என்று லாண்டரிக்காரருக்கு முதலில் எரிச்சல் வந்தது. ஊரில் சொந்தத் தம்பி லாண்டரி வைத்திருக்க இத்தனை காலமும் எவனிடமோ சட்டையைக் கொடுத்துவந்திருக்கிறார் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"அண்ணே," என்றார்.

அண்ணன் திரும்பவில்லை.

"அண்ணே." இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டார். துணி பெட்டியின் மேல் நிதானமாகப் போய் வந்துகொண்டிருந்தது. கோபம் தீரவில்லை, வந்திருக்கவே கூடாது என்று அவர் பின்வாங்கப் போனார். அதற்குள் அண்ணி போய் அண்ணனின் தோளைத் தொட்டாள்.

அண்ணன் திரும்பினார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "வாடா!" என்றார், தெருமுனைவரை கேட்கிற சத்தத்தில்.

"காது போயிடுச்சு தம்பி," என்றாள் அண்ணி. "பட்டறைல தகரம் அடிச்சு அடிச்சே போச்சு. கொஞ்சம் கொஞ்சமா மங்கி, இப்போ சுத்தமா கேக்கறதில்ல. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

யார் சொல்லுவார்கள்? சொல்லக் கூடாதென்று வாயை அடைத்தவரே அவர்தானே. லாண்டரிக்காரர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"காலைல டிவில அவ படத்தைக் காட்டினான்," என்றார் அண்ணன். "வாயை அசைக்கறா, பாடறா போல. இன்னிக்கு என் தம்பி வருவான் பாருன்னு இவகிட்டச் சொன்னேன். சொன்னேனா இல்லையாடி? சட்டையை மாத்திக்கிட்டு உக்காந்துட்டேன்."

தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

அண்ணன் தம்பியின் வாயைக் கூர்ந்து பார்த்தார். அண்ணி பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டுவிடுவாராம். தம்பிக்கோ மேலுதட்டை மூடிக்கொண்டு மீசை தொங்கியது. "டீயா?" என்றார் அண்ணன். "இவ போடுவா, அவசரப்படாத."

"டீ இல்லண்ணே! தப்பு! நான் சொன்னது தப்பு!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "என்னங்க, சண்டையா?"

"சண்டை இல்லங்க, சமாதானம்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள் அண்ணி. "தம்பி, நான் வேணா அவருக்குச் சொல்லட்டுமா?"

"வேணாம் அண்ணி. நான்தான் சொல்லணும்."

திருடன் என்றதை அன்றைக்கு ஒரே ஒருவரிடம் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். போக வேண்டிய காதுக்கு அது பிசகாமல் போய்ச் சேர்ந்தது. தப்பு என்பதைத் தொண்டை கிழியக் கத்துகிறார். எதிர்வீட்டுக்குக் கேட்கிறது, அண்ணனுக்குக் கேட்கவில்லை. "அந்த மீசையை எடுத்துட்டு வாடா, அப்புறம் பேசுவோம்," என்று அண்ணன் சிரித்தார். பையின் மேலிருந்த வெற்று உறையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எழுந்துபோய்ப் பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

உள்ளே, சுற்றுகிற இடத்திலேயே, அந்தத் தட்டு உட்கார்ந்திருந்தது.

"பொட்டி வந்தப்பவே உள்ளதான் இருந்துச்சு தம்பி," என்றாள் அண்ணி. "கடைசியா கேட்டுட்டு எடுக்காம மூடியிருக்கீங்க. மறுநாள் திறந்து பாத்துட்டு, ஐயோ தேடுவானேன்னு உங்க வீட்டுக்குக் கிளம்பினார். செருப்பைப் போடறப்போ மாமா வந்து நீங்க சொன்னதைச் சொன்னார். செருப்பைக் கழட்டிட்டு உக்காந்துட்டார்."

லாண்டரிக்காரர் தட்டையே பார்த்தார். மேல்பக்கம் தேய்ந்து சாம்பல் பூத்திருந்தது.

"இருந்தது இந்த ஒரு தட்டுதான். சோகப்பாட்டுப் பக்கத்தையே தினமும் போட்டுத் தேச்சுட்டார். வேற தட்டு வாங்கிக்கங்கன்னா, அதான் தம்பிகிட்ட இருக்கேன்னுடுவார். கும்மாளப் பாட்டுப் பக்கத்தை மட்டும் திருப்பவே விடமாட்டார். எங்க பையன் ஒருநாள் திருப்பப் போனான், கையைத் தட்டிவிட்டுட்டார். அதுக்கு ரெண்டு ஆள் வேணும்டா, ஒருத்தன் கேட்டா யாரைக் குட்டறதுன்னார்." அண்ணியின் குரல் இறங்கியது. "காது மங்க ஆரம்பிச்சப்போகூடக் கெஞ்சினேன். இப்பவாவது ஒருதரம் கேட்டுக்கங்கன்னு. தம்பி வரட்டும்னுட்டார்."

பாவி, பாவி என்று லாண்டரிக்காரர் தன்னையே மனதுக்குள் திட்டிக்கொண்டார். நாலு பஸ் நிறுத்தம் தள்ளியிருக்கிற வீடு இது. எந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்திருக்கலாம்.

அண்ணன் தட்டை ஓரம் பிடித்துத் திருப்பி வைத்தார். மறுபக்கம் கறுப்பாகப் பளபளத்தது. ஊசியைத் தூக்கிச் சரியான இடத்தில் இறக்கினார். சரசரப்பு, வயலின், அப்புறம் அந்தத் தூக்கக் கலக்கக் குரல். மூச்சோடு, கரகரப்போடு, ஒரு குறையும் இல்லாமல் அவள் அறைக்குள் வந்துவிட்டாள்.

"பாடறாளா?" என்றார் அண்ணன்.

தம்பி தலையாட்டினார். அண்ணன் எதிரே உட்கார்ந்து தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். பாதிப் பாட்டுவரை தாளம் சரியாக இருந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக முந்திக்கொண்டு போனது. அவர் மனதில் ஓடிய பாட்டு தட்டில் ஓடியதைவிட வேகமாக ஓடியது. அந்தத் தொடையில் கையை வைத்து நிறுத்தலாமா என்று தம்பிக்குத் தோன்றியது. அண்ணனின் முகத்தைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

அவள் இன்னும் நடுச் சரணத்தில் இருந்தாள். அண்ணனின் ஆள்காட்டி விரல் விருட்டென்று நிமிர்ந்தது.

ஒரு கணம் தயங்கிவிட்டுத் தம்பியும் விரலை நிமிர்த்தினார்.

"லேட்டு!" அண்ணன் எட்டித் தம்பியின் வழுக்கைத் தலையில் ஒரு குட்டு வைத்தார். வலித்தது. "கேட்டியா? வில்லுதானே?"

இத்தனை காலம் ஈ என்று சாதித்தவர் தலையை நன்றாக ஆட்டினார். "வில்லுதாண்ணே."

மீசை மறைத்தும் அண்ணனுக்கு அது புரிந்துவிட்டது. தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஒத்துக்கிட்டான்டி! இவன் ஒத்துக்கிட்டான்! போய் டீயைப் போடு," என்று சமையலறைப் பக்கம் திரும்பினார்.

அவர் முகம் அந்தப் பக்கம் இருந்தபோதுதான் கடைசிச் சரணத்துக்கான மூச்சு வந்தது. களுக்கென்று அந்தச் சிரிப்பு வந்தது, அவசரமாக அடங்கியது, அவள் மேலே பாடினாள். லாண்டரிக்காரர் விரலை மடியிலேயே வைத்திருந்தார்.