மாமனாரின் முதுகெலும்பு

டாக்டரின் மேசைக்கு முன்னால் மாமனாரை இறக்கி உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மருமகனுக்கே இடுப்பு விண்ணென்று தெறித்தது. லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பாரம் தூக்குவது புதிதில்லை. ஆனால் லிஃப்ட் இப்படி எரிந்து விழாது.

"மெதுவா மாப்பிள்ளை! மூட்டையா இறக்கறீங்க?"

மாமனார் ஓய்வு பெற்ற தபால்காரர். ஊரெல்லாம் நடந்த கால்கள். இப்போது முதுகெலும்பில் ஒன்று நழுவி நரம்பை நசுக்குவதால், கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதே பெரும்பாடு. அவரைக் குளிப்பாட்டி, இடுப்பு பெல்ட்டைக் கட்டி, மருந்து கொடுத்துவிட்டுத்தான் மருமகன் வேலைக்கு ஓடுவான். மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகும் அவன் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டான். கிளம்பலாம் என்று நினைத்தபோதெல்லாம் கிழவருக்கு ஏதாவது வந்து தொலைத்தது. அவனுக்கு அலுத்துவிட்டது. யாரிடமும் சொல்லி அழ முடியாத அலுப்பு.

இந்த ஆபரேஷனைத்தான் மலைபோல நம்பியிருந்தான். அடுத்த வாரம் ஸ்க்ரூ போட்டு எலும்பைப் பிணைத்துவிட்டால், இரண்டு மூன்று மாதத்தில் கிழவர் தானாக நடமாடுவார். அதுவரை பொறுத்துக்கொள்வதாக, அவனைக் கூப்பிட்டிருந்த புதுக் கம்பெனியிலும் சொல்லிவிட்டார்கள். வேறு ஊரில் சூப்பர்வைசர் வேலை. இதைப் பற்றி அவன் வீட்டில் மூச்சு விடவில்லை.

டாக்டர் அம்மா கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "ஆபரேஷனைத் தள்ளிப் போடணும். எலும்புல பலம் இல்ல."

"எலும்பு அடர்த்தி ஸ்கேன்ல நல்லா இருக்குன்னு வந்துச்சே டாக்டர்?" என்றான் மருமகன். அந்த ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து கிழவர் தனக்கு இரும்பு உடம்பு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார்.

"வயசாக வயசாக இவருக்கு ஓரத்துல முள்ளு முள்ளா எலும்பு வளர்ந்திருக்கு. அந்த ஸ்கேன் அதையும் சேர்த்து அளந்துடுச்சு. ஆபரேஷனுக்காக எடுத்த சி.டி.யில நடுவுல மட்டும் அளந்து பார்த்தேன்." எலும்பின் நடுவே அவர் ஒரு சின்ன வட்டம் வரைய, பக்கத்தில் ஓர் எண் தோன்றியது. "இது போல ரெண்டு மடங்கு இருந்தா கவலையே இல்ல. மூச்சிரைப்புக்கு வருஷக்கணக்கா சாப்பிட்ட மாத்திரை உள்ள அரிச்சிடுச்சு. ஸ்க்ரூ போட்டாலும் பிடிமானம் இருக்காது."

"அப்போ?"

"தினம் ஒரு ஊசி, வயித்துல, வீட்லயே போட்டுக்கலாம். எலும்பு தேறணும். ஒரு வருஷம்கூட ஆகலாம். இல்ல, எலும்புக்குள்ள சிமென்ட் வச்சு ஸ்க்ரூவை இறுக்கி இப்பவே பண்ணலாம். ஆனா கழண்டா, இப்ப இருக்கறதைவிட மோசமாயிடும்."

ஒரு வருஷம். கம்பெனி அவ்வளவு நாள் காத்திருக்காது.

"இப்பவே பண்ணுங்க," என்றார் கிழவர். "கழண்டா என் முதுகுதானே கழலும்? இவருக்கு வேற ஊர்ல நல்ல வேலை வந்திருக்கு. ராத்திரி போன்ல பேசினா எனக்குக் கேக்காதுன்னு நினைப்பு. என் முதுகுதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். முதலில் வந்தது நிம்மதிதான், அதை மறைப்பானேன். கிழவரே வாயைத் திறந்து சொல்லிவிட்டார், இவன் மேல் பழி இல்லை. பேசாமல் இருந்தால் போதும், காரியம் முடிந்துவிடும். டாக்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிழவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்து காட்ட முயன்றார். அதைப் பார்க்கப் பார்க்க மருமகனுக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"தள்ளியே போடுங்க டாக்டர். ஊசி எப்படிப் போடறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க."

"உங்களை யாரு கேட்டா?" கிழவர் சீறினார். "செத்துப் போனவளுக்காக இன்னும் எத்தனை நாள் என்னைச் சுமப்பீங்க?"

"அவளுக்காகன்னா எப்பவோ போயிருப்பேன் மாமா."

கிழவர் நிமிர்ந்து காட்டுவதை விட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு ஊசியைக் கொண்டுவரச் சொன்னார். வேலையும் போய், இன்னும் ஒரு வருஷம் என்றால் என்ன என்பது மருமகனுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. அடக்கிப் பார்த்தும் முடியாமல், அந்த அறையிலேயே அழுதுவிட்டான்.