சபை வரி ரசீது

ஜினிஷா அப்பாவின் தாடையை வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, சபைச் செயலாளர் ரத்தினம் வாசலில் வந்து நின்றார்.

"மக்கா, நேரம் பாக்காம கேக்கேன்னு நெனைக்காத. சபை வரி மூணு வருசம் பாக்கி கெடக்கு. அது தீராம கல்லறைத் தோட்டத்துல மண்வெட்டி வைக்க முடியாது."

"வாடகையில எடுத்துக் கட்டச் சொல்லி அப்பா செல்வதாஸ் சித்தப்பாட்ட சொல்லியிருந்தாவளே?"

ரத்தினம் பந்தலின் பக்கம் கண்ணைக் காட்டினார்.

மூன்று வருஷத்துக்கு முன் அப்பா பக்கவாதத்தில் விழுந்தபின் தக்கலை வீட்டு வாடகையை வாங்கி வந்தது அவருடைய சித்தி மகன் செல்வதாஸ். பதினான்கு மாதமாகச் சல்லிக்காசு வரவில்லை. கேட்டால் மோட்டார் போச்சு என்பார், ஓடு மாத்தினேன் என்பார். 'அவன் தருவாம்ட்டி' என்று சொல்லிச் சொல்லியே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். ஜினிஷாவின் கையில் இருந்த பணம் சவப்பெட்டிக்கே சரியாகிவிட்டது.

செல்வதாஸ் பந்தலில் உட்கார்ந்து, அடக்க ஆராதனையில் வாசிக்க அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, சபை வரி ஏன் கட்டல்ல?"

"ஏட்டி, சாவு வீட்டுல வச்சா கணக்கு கேக்குது?"

"நாலு மணிக்கு அடக்கம். பின்ன எப்பம் கேக்க?"

"வாடகைக்காரி ஒழுங்கா தந்தாத்தானே..."

பெண்கள் நடுவே இருந்த வாடகைக்காரி கிரேசி வெடுக்கென்று எழுந்தாள். "மாசம் அஞ்சாந்தேதி எண்ணித் தந்துட்டுல்லா இருக்கேன்! ஒங்க கையெழுத்துப் போட்ட சீட்டு அத்தனையும் வீட்டுல இருக்கு அண்ணே."

ஜினிஷா செல்வதாஸின் கையிலிருந்த தாளைப் பிடுங்கினாள்.

"இத நானே வாசிக்கேன். 'தம்பிய நம்பினாரு, குழி வெட்ட வழியில்லாம கெடக்காரு'ன்னும் சேத்து வாசிப்பேன். மைக்கு இருக்குல்லா?"

"பொட்டப்புள்ளைய காலேஜுக்கு விட்டா இப்பிடித்தான்" என்று முனகிக்கொண்டே செல்வதாஸ் பைக்கை உதைத்தார். முக்கால் மணி நேரத்தில் ஏ.டி.எம்.மிலிருந்து திரும்பி, ரத்தினத்தின் கையில் பணத்தைத் திணித்தார்.

"மிச்ச வாடகைய ஞாயிற்றுக்கிழமைக்குள்ள தந்திரணும்" என்றாள் ஜினிஷா. "கிரேசியக்கா, இனி வாடகைய எங்கிட்ட தாங்க."

ரத்தினம் ரசீது புத்தகத்தை விரித்தார். "யாரு பேருல மக்கா எழுத?"

"அப்பா பேருலதான்."

குழி வெட்டுகிறவர் வாசலுக்கு வந்தார். "ஆளு என்ன நீளம் இருப்பாரு?"

யாருக்கும் தெரியவில்லை. ஜினிஷா உள்ளே போனாள். அப்பாவின் உச்சந்தலையில் பெருவிரலை ஊன்றி, போர்த்தியிருந்த வெள்ளைத் துணியின் மேல் சாண் சாணாக அளந்துகொண்டே வந்தாள். எட்டாவது சாண் கணுக்காலில் முடிந்தது.

வெளியே குழி வெட்டுகிறவர் மறுபடியும் கேட்டார். அவள் கையை எடுக்கவில்லை.