பன்னிரண்டாம் மேசையில் ஒரு மதியம்

...இல்லை, எழுந்திருக்கக் கூடாது, அன்னெலீஸ், மணி அடித்தால் அடிக்கட்டும், சமையலறை மணி இனி உனக்கில்லை, வேறு யாரையோ கூப்பிடுகிறது, ஆனாலும் கால் அசைந்துவிட்டது, முப்பத்தொரு வருடம் இதே உணவகக் கூடத்தில் தட்டு சுமந்த கால், ஓய்வு பெற்று நாலு மாதமானது அதற்கு இன்னும் தெரியவில்லை... இங்கே உட்கார்ந்து சாப்பிடுவது இன்றுதான் முதல்முறை. இந்த நாற்காலி இவ்வளவு கடினமா? ஒருவரும் சொன்னதில்லையே. வீட்டில் தனியாக சூப்பைச் சூடாக்கிக் குடித்துக் குடித்து, நேற்று ரேடியோவில் பேசியவனுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைக் கவனித்ததும் பயம் வந்துவிட்டது, அதனால்தான் டிராம் ஏறி வந்தேன், யாராவது அட நீங்களா என்று கேட்பார்கள் என்று... முதலாளி மாறிவிட்டார், பரிமாறுகிறவர்கள் எல்லோரும் புதியவர்கள், ஹங்கேரிக்காரப் பெண் ஒருத்தி ஒரு ஆள்தானா என்று கேட்டு, கதவோரம் இருந்த பன்னிரண்டாம் மேசையைக் காட்டினாள். தனியாக வருகிறவர்களை நானும் இங்கேதான் உட்காரவைப்பேன், குளிர் அடிக்கும், ஆனால் முணுமுணுக்கக்கூடத் துணையில்லாதவர்கள்தானே என்று...

பன்னிரண்டரைக்குக் கூடம் நிறைந்துவிட்டது. எதிரே நாற்காலியைத் தொட்டபடி ஒருவர், இங்க யாராச்சும் வராங்களா என்றார், இல்லை உட்காருங்கள் என்றேன், நிமிர்ந்து பார்த்தால் கூப்ளர்! வியாழக்கிழமை கூப்ளர், ஈரல் வறுவல், கூடவே முறுகலான உருளைக்கிழங்கு ரோஸ்டி, வெங்காயம் கூடாது, சின்னக் குடுவையில் வெள்ளை ஒயின், பதினெட்டு வருடம் பரிமாறியிருக்கிறேன், இதோ என் முகத்தை நேராகப் பார்க்கிறார்... பார்த்துவிட்டு மடித்த துணியைப் பிரித்து மடியில் போட்டுக்கொள்கிறார். ஏப்ரன் இல்லை, முடியை அவிழ்த்துவிட்டிருக்கிறேன், அவ்வளவுதானே வித்தியாசம்? இத்தனை நாளும் இவர் பார்த்தது ஏப்ரனைத்தானா? அவருக்கு வந்த ஈரலில் வெங்காயம் கிடந்தது. கத்தியால் ஓரமாக ஒதுக்கினார், என் கை அந்தத் தட்டை நோக்கி நீண்டே விட்டது, உப்புச்சாடியை எடுப்பதுபோலச் சமாளித்தேன்.

“முன்னாடி இங்க ஒருத்தங்க இருந்தாங்க,” என்றார், என்னிடமா தட்டிடமா என்று தெரியாத குரலில். “வெங்காயம் வேணாம்னு அவங்ககிட்ட சொல்லவே தேவையில்ல.”

அப்படியா என்றேன், சொல், இப்போதே சொல், நான்தான் அது என்று... இல்லை, இன்னும் கொஞ்சம் சொல்லட்டும், என்னைப் பற்றி யாராவது பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

“வீட்டுக்காரி செத்து ரெண்டாவது வாரம், தனியா வந்தேன். எப்பவும்போல ரெண்டு பேருக்குத் தட்டு வச்சிருந்தது. எடுத்துடுவாங்கன்னு நெனச்சேன். எடுக்கல. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிர்ல அப்படியே விட்டுட்டாங்க. ஒரு வார்த்தை பேசல. எனக்கு அவ்வளவு செஞ்சவங்க யாருமில்ல.”

அவர்கள் பெயர் என்னவென்று கேட்டேன். கேட்டுவைக்கவில்லையே என்றார், முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு.

நானா? வேண்டாத தட்டை உடனே எடு என்று புதிதாக வந்த ஒவ்வொருத்திக்கும் சொல்லிக்கொடுத்தவள் நான், நானாக இருந்தால் அவர் கோட்டைக் கழற்றுவதற்குள் எடுத்திருப்பேன்... அப்படியானால் மார்கிரிட், சில வியாழன்களில் எனக்குப் பதிலாக நின்றவள், அவள் செய்யக்கூடியவள்தான், தெற்கே மகளிடம் போய் இரண்டு வருடமாகிறது, இவர் தேடுவது அவளையா? இல்லை, பொறு, அவர் மனைவி இறந்தது ஒரு டிசம்பரில், எல்லோருக்கும் காய்ச்சல் வந்து, கூடம் முழுவதையும் நான் ஒருத்தியே பார்த்த வாரங்கள், ஒரு மேசையில் ஒரு தட்டு மிச்சமாகக் கிடந்ததை அப்போது யார் கண்டது, எடுக்க மறந்துதான் போனேனோ, முப்பத்தொரு வருடத்தில் ஒரு மனிதர் நெஞ்சில் வைத்துக்கொண்ட ஒன்று, நான் செய்யாமல் விட்ட வேலையோ...

“நீங்க இங்க வர்றவங்களா? அவங்கள எப்பவாவது பாத்திருக்கீங்களா?”

“தெரியலீங்க,” என்றேன், அது பொய்யுமில்லை.