சிவப்புத் தொப்பி நிற்கும் இடம்

கால்டர் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அரங்கில் ஆர்லின் வோல்க்குக்கு இருந்த வேலை, நிற்பது. வேறொன்றும் இல்லை. ஆட்டம் டிவியில் போகும் நாட்களில் விளம்பர இடைவேளை வந்ததும், தலையில் சிவப்புத் தொப்பியோடு ஸ்கோர் மேசையைத் தாண்டி முன்னால் வந்து, நெஞ்சின் குறுக்கே இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நிற்பார். அந்தக் கைகள் இறங்கும்வரை ஆட்டம் தொடங்கக்கூடாது. வெளியே நிற்கும் ஒளிபரப்பு வண்டிக்குள்ளிருந்து கானி என்கிற பெண், "வந்துட்டோம் ஆர்லின், கைய விடு" என்று அவர் காதுக்கருவியில் சொல்வாள். அவர் தலையசைப்பார். மேசையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும் லடோனா என்பவள் ஹாரனை அழுத்துவாள். அதற்குப் பிறகுதான் ரெஃப்ரி பந்தைக் கொடுப்பார். பகலெல்லாம் கூட்டுறவுத் தானியக் கிடங்கில் சோள லாரிகளை எடைபோட்டு அனுப்புகிற ஒரு மனிதருக்காக, கோட்டு சூட்டு போட்ட பயிற்சியாளர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். நெப்ராஸ்கா கவர்னருக்கே வாய்க்காத அதிகாரம் இது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அரங்கமே பார்க்க அவர் நிற்கும் அந்த நேரத்தில், டிவியில் டயர் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் தெரிவதெல்லாம் ஆட்டத்தின்போது மேசையோரம் தெரியும் ஒரு சிவப்புப் புள்ளியாகத்தான்.

தூரத்தில், மேற்குக் கடலோரத்து ஆரெகனில் இருக்கும் மகள் நடீனுக்கு அந்தப் புள்ளி போதும். மனைவி லோயிஸ் இறந்த வாரமே, யாரையும் கேட்காமல், வீட்டிலிருந்த பியானோவைச் சர்ச்சுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார் ஆர்லின். அதைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் இருக்க அவரால் முடியவில்லை. ஆனால் அதை அவர் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதில் வாசிக்கக் கற்றுக்கொண்ட மகள், அடக்கம் முடிந்த மறுநாள் காலியான சுவரைப் பார்த்துவிட்டு, "என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாப்பா?" என்றாள். "மரச்சாமான்தானே," என்றார் இவர். அதோடு சரி, பேச்சு நின்றுபோனது. வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனால் ஆட்டம் டிவியில் போனால் மட்டும், முடிந்த கையோடு அவளிடமிருந்து ஒரு செய்தி வரும்: "தொப்பி தெரிந்தது." இவர் "சரி" என்று பதில் போடுவார். அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். அது மட்டும் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அப்புறம் கூட்டணி உடைந்தது.

இங்கே கல்லூரிகள் கூட்டணி கூட்டணியாகச் சேர்ந்துதான் ஆடுகின்றன. டிவிக்காரர்களும் கூட்டணியோடுதான் ஒப்பந்தம் போடுவார்கள். கால்டரின் கூட்டணியில் இருந்த மூன்று பெரிய கல்லூரிகள், ஒரு கோடைக்காலத்தில் ஒரே நாளில், கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல்வரை நீளும் வேறொரு கூட்டணிக்குத் தாவின. அதற்கு முந்தைய வாரம்தான் மூன்றின் தலைவர்களும் எல்லோர் தோளிலும் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு, நாங்கள் எங்கேயும் போகமாட்டோம் என்று சிரித்திருந்தார்கள். கட்சி மாறுகிறவர்கள்கூட இவ்வளவு அழகாகச் சிரிக்கமாட்டார்கள். போனவர்களின் இடத்தை நிரப்ப தெற்கு டகோட்டாவிலிருந்து இரண்டு குட்டிக் கல்லூரிகள் வந்தன. அதில் ஒன்றின் ஆட்டக்களத்தில் மதியம் மேசை போட்டுச் சாப்பாடு பரிமாறுவார்களாம். டிவிக்காரர்கள் சத்தமில்லாமல் கழன்றுகொண்டார்கள்.

விளையாட்டுத் துறை இயக்குநர் பிரென்ட் ஹேகன் மேசைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இனிமே நம்ம ஆட்டம் எல்லாமே ஆப்ல போகும். உலகத்துல எந்த மூலைலேர்ந்து வேணும்னாலும் பாக்கலாம். நம்ம மேல விழற வெளிச்சம் கூடத்தான் போகுது, கொறையாது."

"பார்ல பீர் குடிக்க வந்தவன்கூட நம்மள டிவில பாத்தான் பிரென்ட்," என்றாள் லடோனா. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவள். "ஆப்பை யாரு தேடிப் புடிச்சு எறக்குவா?"

"டீச்சர், நீங்க எப்பவுமே தப்பைத்தான் பாப்பீங்க."

"காலம்பூரா கணக்குத் தாள் திருத்தினவ வேற எதைப் பாப்பா?"

ஆர்லின் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கேமரா எங்க வைக்கறீங்க?"

ஹேகன் பெருமையோடு காட்டினார். ஆள் தேவைப்படாத கேமராவாம். ஸ்கோர் மேசைக்கு நேர் மேலே, உத்தரத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. பந்து போகும் பக்கம் அதுவே திரும்பும், இடைவேளையிலும் நிற்காமல் ஓடும். களம் தெரியும், எதிர்ப்பக்கத்து இருக்கைகள் தெரியும். தன் காலடியில் இருக்கும் மேசை மட்டும் அதற்குத் தெரியாது. ஆர்லின் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஓ," என்றார்.

உள்ளூர் டிராக்டர் கடைக்காரரின் விளம்பரம் அரங்கத் திரையில் ஓடவேண்டும் என்பதால் இடைவேளைகள் மட்டும் தொடர்ந்தன, சிவப்புத் தொப்பியும் தொடர்ந்தது. காதுக்கருவியின் மறுமுனையில் இப்போது யாரும் இல்லை. கானி கன்சாஸில் வேறு யாருக்கோ, "கைய விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனாலும் ஆர்லின் அதை மாட்டிக்கொண்டார். மனசுக்குள் எண்ணுவார், எண்ணி முடித்ததும் தலையசைப்பார், லடோனா ஹாரனை அழுத்துவாள்.

நவம்பர் போனது, டிசம்பர் போனது. அணியிலேயே நன்றாகப் பந்து போடுகிற பையன், "எங்க மாமா என்னை டிவில பாக்கணும் கோச்" என்று சொல்லிவிட்டு, ஆட்டங்கள் தொடங்கும் முன்பே வேறு கல்லூரிக்குப் போய்விட்டான். மேல்தளத்து இருக்கைகளைக் கறுப்புத் துணி போட்டு மூடினார்கள். மகளிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. ஆர்லினுக்கு வருத்தமா என்றால், அதுகூட இல்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது. தொட்டால் தொட்டது தெரியும், தன்னுடையது என்று தெரியாது. ஆட்டம் முடிந்ததும் போனை எடுத்துப் பார்ப்பார், பையில் போடுவார், வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஆட்டத்துக்கு முன்னால் லடோனாவும் அவரும் மேசையில் உட்கார்ந்து, அந்த ஊர் வழக்கப்படி, காரமான சில்லிக் குழம்பில் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி ரோலைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லடோனா தன் போனில் ஆப்பைத் திறந்தாள்.

"நாப்பத்தியோரு பேரு பாக்குறாங்க. பாதிப்பேரு பசங்களோட அம்மாங்களா இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "பொண்ணு எழுதினாளா?" என்றாள்.

"இல்ல."

"நீ எழுத வேண்டியதுதான யோவ்? வெரல் தேஞ்சா போயிடும்?"

"என்னன்னு எழுத? அவ பாத்தா அவ எழுதுவா."

"நல்ல குடும்பம்யா," என்று லடோனா மிச்ச ரோலையும் எடுத்துக்கொண்டாள்.

முதல் பாதியின் நடுவில், இரண்டு அணியும் சமமாக இருந்தபோது இடைவேளை வந்தது. ஆர்லின் முன்னால் போய் கைகளைக் குறுக்கே வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். எண்ணிக்கொண்டே ஏதோ நினைப்பில் அண்ணாந்து அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தார். அது அவர் தலைக்கு மேலாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு பேர் பார்க்கிறார்கள், அதில் ஒருத்தருக்கும் நான் இங்கே இல்லை என்று தோன்றியது. அதில் வலிகூட இல்லை. எண்ணிக்கை எங்கே விட்டுப்போனது என்று தெரியவில்லை. பழைய பழக்கத்தில், கானியின் குரலுக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

திரையில் டிராக்டர் ஓடி முடிந்தது. பையன்கள் களத்துக்குத் திரும்பி வந்தார்கள். ரெஃப்ரி பந்தை இடுக்கிக்கொண்டு ஆர்லினைப் பார்த்தார். ஆர்லின் நின்றார். சிவப்புத் தொப்பியிடம் ஏன் என்று கேட்கிற வழக்கம் இந்த ஆட்டத்தில் யாருக்கும் கிடையாது. ஆப்பில் ஏதோ கோளாறு போல என்று ரெஃப்ரி நினைத்துக்கொண்டார். செத்துப்போன கருவியில் இவருக்கு எதுவோ கேட்கிறது என்று நினைத்து, லடோனா ஹாரன்மேல் விரலை வைத்தபடியே இருந்தாள். உடம்பு ஆறாமல் இருக்கப் பையன்கள் குதித்துப் பார்த்தார்கள், பிறகு அதையும் விட்டார்கள். எதிரணிப் பயிற்சியாளர் துண்டைத் தரையில் வீசினார். கைதட்டிக்கொண்டிருந்த கூட்டம் மெல்ல அடங்கியது. வராத ஒரு குரலுக்காக ஊரே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மடித்த கைக்கு அடியில் அது துடிப்பது அவருக்குத் தெரிந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. ரெஃப்ரி பந்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு அருகில் வந்தார்.

"என்ன ஆர்லின்? லைன்ல ஏதாவது பிரச்னையா?"

"லைனே இல்லப்பா," என்றார் ஆர்லின். கைகளைக் கீழே விட்டார்.

பாதி ஆட்டம் முடிந்ததும் போனை எடுத்தார். நடீன். தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. சோளப்பொரி இயந்திரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, அவளைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அப்பா? நீங்கதானா?"

"நான்தான்."

"நின்னுட்டுதான இருக்கீங்க? கீழ விழலையே?"

"நான் ஏன் விழறேன்?"

மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "ரெஃப்ரி உங்களையே பாத்துட்டு நின்னாரு. நின்னுட்டே இருந்தாரு. அப்புறம் பந்தை யார்கிட்டயோ குடுத்துட்டு உங்க பக்கம் வந்து, படத்தை விட்டே போயிட்டாரு. அங்க எல்லார் மூஞ்சியும் செத்துப்போயிருக்கு. நான் என்னன்னு நெனைக்கறது?"

ஆர்லின் போனை மறு காதுக்கு மாற்றினார். "நீ இதைப் பாக்குறியா? அந்த ஆப்லயா?"

"நவம்பர்லேர்ந்து. ஒரு ஆட்டம் விடாம."

"அதுல நான் தெரியமாட்டேனே."

"தெரியமாட்டீங்க. ஆனா இடைவேளைல ரெஃப்ரி பந்தை வெச்சுக்கிட்டு ஒரே எடத்தைப் பாத்துட்டு நிப்பாரு இல்ல? கேமராவுக்குக் கொஞ்சம் கீழ. அங்கதான நீங்க நிக்கறீங்க."

அவர் பொரி இயந்திரத்தின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். அது சூடாக இருந்தது. கையை எடுக்கவில்லை.

"ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்ல நடீன்."

"தொப்பி தெரியலையேப்பா. தெரிஞ்சுதுன்னு பொய்யா எழுதச் சொல்றீங்களா?"

இது லோயிஸ் வீட்டுக் குணம் இல்லை. அச்சு அசல் வோல்க் வீட்டுப் பிடிவாதம். சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"அந்தப் பியானோ..." என்று ஆரம்பித்தார்.

"அதை இப்ப எடுக்காதீங்க. இடைவேளை முடிஞ்சுடும். ஒரு நாள் நிதானமாப் பேசணும்."

"சரி," என்றார். அவள் வைத்துவிட்டாள்.

திரும்பியபோது ஹேகன் நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்ன பண்ணிட்டீங்க ஆர்லின்! அவங்க கோச் கூட்டணி ஆபீஸுக்குப் புகார் குடுக்கப் போறாராம். வீடியோ வேற இருக்கு."

"வெளிச்சம் வேணும்னு நீங்கதான கேட்டீங்க," என்றாள் பின்னாலேயே வந்த லடோனா.

"டீச்சர், தயவுசெஞ்சு சும்மா இருங்க." ஹேகன் ஆர்லினைப் பார்க்காமல் அவருடைய தொப்பியைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த ஆட்டத்துலேர்ந்து ஹாரன் தானா அடிக்கற மாதிரி வெச்சுடறோம். நீங்க நிக்க வேண்டாம். தொப்பியை இப்பவே குடுத்துட்டாலும் சரி."

"ஆட்டம் முடியட்டும்," என்றார் ஆர்லின்.

இரண்டாம் பாதியில் கால்டர் பின்தங்கிவிட்டது. கூட்டம் கிளம்பத் தொடங்கியிருந்தது. கடைசி இடைவேளைக்கு ஆர்லின் முன்னால் வந்து, தொப்பியைச் சரிசெய்து, கைகளைக் குறுக்கே வைத்தார். இந்தமுறை மேலே பார்க்கவில்லை. ரெஃப்ரியைப் பார்த்தார். முன்பு பட்ட பாட்டில் ரெஃப்ரியும் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இமைக்காமல் இவரையே பார்த்தார். ஆரெகன் வரைக்கும் போகிற பார்வை அது. ஆர்லின் நிமிர்ந்து நின்று, ஒன்றிலிருந்து ஒழுங்காக எண்ணினார்.

பாதி எண்ணிக்கொண்டிருக்கும்போது கைக்கு அடியில் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. என்ன வந்திருக்கும் என்று தெரியும். என்ன பதில் போடுவது என்றுதான் தெரியவில்லை. "சரி" என்பது இந்தத் தடவை போதாது. கண்ணிலிருந்து வழிந்தது மூக்கோரம் வரைக்கும் இறங்கிவிட்டது. எண்ணி முடிக்கும்வரை கையை எடுத்துத் துடைக்க வழியில்லை. அவர் எண்ணிக்கொண்டே நின்றார்.