விளையாத நான்கு ஏக்கர்

1936-ஆம் வருஷத்துத் தை மாதம் வையம்பட்டி பிச்சமுத்துவுக்கு இரண்டு அதிர்ஷ்டங்கள் சேர்ந்தாற்போல் வந்தன. குளத்துப் பாசனத்தில் இருந்த அவருடைய நான்கு ஏக்கரிலும் சம்பா நெல் கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. திருச்சி டவுனில், தென்னூரில் ஒரு மச்சு வீடு விலைக்கு வந்தது. நான்கு ஏக்கரை விற்று மச்சு வீட்டை வாங்கி, வாசலில் ‘மிராசுதார்’ என்று பலகை மாட்டிவிடுவதென்று அவர் தீர்மானித்தார். நிலத்தை விற்றுவிட்டு மிராசுதாராவதில் உள்ள சங்கடம் அவருக்குத் தோன்றவில்லை. ஊரில் அந்தப் பட்டத்தை அவரைத் தவிர வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. டவுன்காரர்கள் பலகையைப் படித்தாவது சொல்வார்கள் அல்லவா?

வீட்டுக்காரர் தை கடைசி வரைதான் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டை வாங்கக் கையில் ரொக்கத்துடன் காத்திருந்தவர் பிச்சமுத்துவின் சகலை, பாலக்கரையில் மரக்கடை வைத்திருப்பவர். வீடு தமக்கு வந்தால் பின்கட்டு அறையைக் குறைந்த வாடகைக்கு விடுவதாக அவர் இப்போதே பெருந்தன்மையுடன் சொல்லி அனுப்பியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து பிச்சமுத்துவின் மனைவி ரெங்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. தங்கை மாடியிலும் தான் பின்கட்டிலுமா என்று நாளுக்கு நான்கு தரம் கேட்டாள்.

ஆனால் நிலம் வாங்க ஆள் வேண்டுமே. நாலைந்து வருஷமாக நெல் விலை படுத்துக் கிடந்தது. விற்கிறவர்கள் ஊருக்கு இருபது பேர் இருந்தார்கள். வாங்குகிறவன் எவனும் இல்லை. திருச்சி நிலத் தரகர் நிஜாமுதீன் இந்தச் சமயத்துக்கென்று ஒரு தத்துவம் வைத்திருந்தார். விதைத்தவன் கையில் காசு இல்லை, விற்றவன் கையிலும் இல்லை. மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்குகிறவர்களிடம் மட்டுமே இருக்கிறது, அவர்களெல்லாம் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார்கள் என்பது அது. அந்தத் தத்துவத்தின்படி, சென்ற வருஷம் ரிட்டயரான ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஸௌரிராஜ ஐயங்காரை ரயிலேற்றி வையம்பட்டிக்கு அழைத்து வந்துவிட்டார்.

ஐயங்கார் பஞ்சகச்சமும் கோட்டும் குடையுமாக இறங்கினார். கக்கத்தில் ஒரு காகிதக் கட்டு. வரப்பில் நடக்கும்போது நெற்கதிர் இரண்டு பக்கமும் அவர் முழங்காலை உரசியது. பஞ்சகச்சத்தில் நெல்மணி ஒட்டிக்கொண்டது. அவர் அதைத் தட்டிவிட்டாரே தவிர, என்னவென்று பார்க்கவில்லை. வயலின் நடுவில் நின்று குடையை நிஜாமுதீனிடம் கொடுத்துவிட்டுக் கட்டைப் பிரித்தார்.

“ஓய் பிச்சமுத்து, இந்த பூமி விளையாதாமே?”

பிச்சமுத்து சிரித்தார். பெரிய மனிதர்கள் விலையைக் குறைப்பதற்கு இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஒரு கதிரை இழுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தார். ஐயங்கார் கதிரை விலக்கிவிட்டுக் காகிதத்தைப் பிடித்தார்.

அது பிச்சமுத்துவின் மனுதான். ஒவ்வொரு வருஷமும் ஜமாபந்திக்கு வரிக்கணக்குப் பார்க்கத் தாலுகா அதிகாரிகள் வரும்போது, விளைச்சல் இல்லாததால் நிலவரிக் கிஸ்தியைத் தள்ளிக் கொடுக்கும்படி அவர் கொடுத்தது. ஆறு வருஷத்துக்கு ஆறு மனு. மனு எழுதுவதில் கெட்டிக்காரர் ஒருவரைப் பிடித்து, மனுவுக்கு எட்டணா கொடுத்து எழுதி வாங்கியவை. ஐயங்கார் தம் பழைய ஆபீஸிலிருந்து நகல் எடுத்து வந்திருந்தார். வயலில் நின்று கணீரென்று வாசித்தார். மேகம் மறந்தது, குளம் வெடித்தது, பயிர் கருகியது, அடியேனின் எட்டுக் குழந்தைகள் கஞ்சிக்குக் கதறுகின்றன.

“இப்போ அந்தக் குழந்தைகள்ளாம் சௌக்கியமா?” என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

பிச்சமுத்துவுக்குக் குழந்தை கிடையாது. “அது சும்மா எழுதினதுங்க, சாமி. ஊர்ல எல்லாரும் எழுதுறதுதான்.”

“சர்க்காருக்கு எழுதினது சும்மாவா? கீழே என்ன எழுதியிருக்கு, பாரும்.”

ஒவ்வொரு மனுவின் அடியிலும் ஒரே கையெழுத்தில் ஒரே வாக்கியம் இருந்தது: நேரில் சென்று பார்வையிட்டேன், மனுதாரர் கூறுவது உண்மை. கையொப்பம், ஸௌரிராஜன்.

“சாமி இதுக்கு முன்னால இந்த வயலுக்கு வந்ததே இல்லீங்களே.”

“அது வேற விஷயம்,” என்றார் ஐயங்கார். “நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஏக்கர் நானூறு விலை சொல்றீர். நாளைக்கு அந்த விலைக்கு நானே வாங்கினா, என் கையெழுத்து பொய்னு ஆகாதோ? பாழ் பூமி. ஏக்கர் அறுபது தரேன். விளையறதுன்னு சொல்ல உம்மகிட்ட காகிதம் இருந்தா கொண்டுவாரும், பார்ப்போம்.”

சொல்லிவிட்டு, விளைந்து சாய்ந்த நெல்லுக்குள் புகுந்து பாழ் பூமியைக் கடந்து ரயிலுக்குப் போனார்.

நிஜாமுதீன் பின்தங்கி நின்று, “எட்டுப் பிள்ளைன்னு எழுதச் சொன்னது யாருண்ணே? நாலோட நிறுத்தியிருந்தா அல்லா நம்பியிருப்பான்,” என்றார்.

பிச்சமுத்து நேரே கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போனார். ஊர் நிலக்கணக்கு எழுதுகிற அவர் இந்த வருஷம் நான்கு ஏக்கரும் நன்றாக விளைந்திருக்கிறது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். வேறெதுவும் வேண்டாம் என்றார் பிச்சமுத்து. கணக்குப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உத்தியோக வாழ்க்கையில் விளைந்தது என்று எழுதித்தரச் சொல்லி ஒருவரும் அவரிடம் வந்ததில்லை. அதே குளத்தில் முப்பது பேருக்கு நிலம் இருக்கிறது. உனக்கு மட்டும் தண்ணீர் வந்து, மடை தாண்டியதும் நின்றுபோனதா என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல், பிச்சமுத்து வீட்டுக்குத் திரும்புவதற்குள் முப்பது பேரிடமும் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் வாசலில் கூட்டம். முன்னால் அழகம்மாள். ஆறு ஏக்கருக்குச் சொந்தக்காரி. அவளிடம் கடன் கேட்கவும் ஊரில் பயப்படுவார்கள். அவள் கத்தவில்லை.

“தம்பி, நீங்க டவுனுக்குப் போயி நல்லா இருங்க. யாரும் வேணாங்கல. போறவரு எங்க குளத்துல தண்ணி இருக்குன்னு சொல்லிட்டுத்தான் போகணுமா?”

பிச்சமுத்து தென்னூர் வீட்டைச் சொன்னார், சகலையைச் சொன்னார், பின்கட்டைச் சொன்னார். தமக்கு வேறு வழியில்லை, காகிதம் இல்லாவிட்டால் தாலுகா ஆபீஸுக்கே போய் அதிகாரியை அழைத்து வந்து வயலைக் காட்ட வேண்டியதுதான் என்றார். மிரட்டவேண்டும் என்று சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் சொன்னார். வருகிற அதிகாரி நான்கு ஏக்கரோடு நிற்கமாட்டார் என்பது கூட்டத்துக்குப் புரிந்தது.

அழகம்மாள் மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசினாள். திரும்பி வந்து, ஏக்கர் முந்நூற்றைம்பதுக்கு ஊரே சேர்ந்து வாங்கிக்கொள்ளும் என்றாள். ஆறு வருஷமாக விளையாத நிலத்திலிருந்து அவ்வளவு பணம் எப்படிச் சேர்ந்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. பத்திரத்தில் பாழ் நிலம் என்றுதான் எழுதவேண்டும், விலை ஏக்கர் அறுபது. மீதியைப் பற்றி எந்தக் காலத்திலும் வாய் திறக்கக்கூடாது. அழகம்மாள் அவரைச் சாமி படத்தின்மேல் சத்தியம் செய்ய வைத்தாள். ரெங்கம்மாளிடமும் தனியாக ஒன்று வாங்கிக்கொண்டாள்.

தை முடிய இரண்டு நாள் இருக்கும்போது பத்திரம் பதிவாயிற்று. சகலை தம் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டுமென்று ரிஜிஸ்தர் ஆபீஸுக்கே வந்திருந்தார். ‘விளைச்சலற்ற பாழ் நிலம், நான்கு ஏக்கர், கிரயம் இருநூற்று நாற்பது ரூபாய்’ என்று ரிஜிஸ்திரார் வாசித்தபோது அவர் முகம் மலர்ந்தது. பிச்சமுத்துவின் தோளைத் தட்டி, பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்து வைப்பதாகச் சொன்னார். சம்பா நெல்லும் முந்நூற்றைம்பதும் பிச்சமுத்துவின் நாக்கு நுனிவரை வந்தன; சத்தியத்தை நினைத்து விழுங்கினார்.

மறுநாள் தென்னூர் வீட்டுக்கு முழுப் பணத்தையும் பிச்சமுத்து எண்ணி வைத்தார். செய்தி பாலக்கரைக்கு எட்ட அரை மணிகூட ஆகவில்லை. சகலை ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு வந்தார். மாடியை அண்ணாந்து பார்த்தார், பிச்சமுத்துவைப் பார்த்தார்.

“இருநூத்தி நாப்பது ரூபாய்க்கு இந்த வீடா அண்ணே?”

பிச்சமுத்து வாய் திறக்கவில்லை. ரெங்கம்மாள் உள்ளே போய்விட்டாள்.

“எனக்குத் தெரிஞ்சுபோச்சு,” என்றார் சகலை. “மாமனாருதானே குடுத்தாரு? மூத்த மாப்பிள்ளைக்கு மட்டும் ரகசியமா!”

பிச்சமுத்து இல்லை என்று தலையாட்டினார். பிறகு, வேறு எங்கிருந்து வந்தது என்ற அடுத்த கேள்வியை நினைத்துப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். சகலைக்கு அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. ஜட்காக்காரனைத் திருப்பச் சொல்லி, மாமனார் ஊருக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார்.